டாக்டர் ஓட்டிய வண்டி

அன்புள்ள கண்ணு,

சித்தப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. வண்டியை முன்னால், பின்னால், சாய்வாக, வெயிலில், வேப்பமரத்தடியில் என்று விதவிதமாக எடுத்து அனுப்பியிருக்கிறாய். ஒன்றில்கூட பானட் திறந்திருக்கவில்லை. டயர் தெரிகிற ஒரே படத்தில் டயருக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு, "4.75 லட்சம் கேக்கறாங்க சித்தப்பா, தகுமா தகாதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்கிறாய். ஒரே வார்த்தை போதுமென்றால் புரோக்கரிடமே கேட்டிருக்கலாமே? அவர் யோசிக்காமல் சொல்லியிருப்பார்.

விளம்பரத்தையும் படித்தேன். 2018 ஸ்விஃப்ட், பெட்ரோல், சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, ஷோரூம் மெயின்டெனன்ஸ், 38,000 கிலோமீட்டர். நம் ஊர் ஆட்டோ கன்சல்டிங்குகளில் நிற்கும் வண்டிகளில் பாதி டாக்டர்கள் ஓட்டியவை. மீதி, ரிட்டயர்டு பேங்க் மேனேஜர்கள் ஓட்டியவை. மற்றவர்களெல்லாம் இத்தனை வருடமும் பஸ்ஸில்தான் போய்வந்தார்கள் போலிருக்கிறது. யார் ஓட்டினார் என்பதைக் கேட்டு மயங்காதே. எப்போது ஆயில் மாற்றினார், எந்த கிலோமீட்டரில் மாற்றினார் என்று கேள். ரசீது இல்லாத டாக்டரைவிட, ரசீதை ஃபைலில் போட்டு வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர் வண்டி மேல்.

இந்தக் கடிதம் முழுக்க நான் சொல்லப்போவது ஒரே விஷயம்தான். விளம்பரத்தில் இருப்பது அவர்கள் கேட்கிற விலை. உனக்கு அந்த வண்டியின் விலை என்பது, கையில் கொடுக்கிற பணத்தோடு முதல் வருடம் அதற்குள் போடப்போகிற பணத்தையும் கூட்டினால் வருவது. இந்தக் கூட்டலைப் போடாமல் வாங்குகிறவர்கள்தான் ஆறு மாதம் கழித்து, "சல்லிசா கிடைச்சுதுன்னு வாங்கினேன், சித்தப்பா" என்று மெக்கானிக் ஷெட்டிலிருந்து போன் செய்கிறார்கள்.

முதலில், வண்டியை விடு; உன் கதையைச் சொல்லு. தினமும் வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போய்வர இருபது கிலோமீட்டர். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவாய். இதற்கு டீசல் எதற்கு? "டீசல்னா மைலேஜ் வருமே" என்று உன் அப்பா சொல்லியிருப்பார். அண்ணன் சொன்னது அந்தக் காலத்துக் கணக்கு. டீசலுக்கும் பெட்ரோலுக்கும் விலை வித்தியாசம் குறைந்துவிட்டது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். டவுனுக்குள்ளேயே முதல் கியர், இரண்டாம் கியர் என்று ஊர்ந்துகொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளும். உன் ஓட்டத்துக்குப் பெட்ரோல்தான்.

"டெல்லி டீசல் வண்டி ஒண்ணு பாதி விலைக்கு வருது" என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அது ஏன் பாதி விலைக்கு வருகிறது என்று கேள். டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை வழிமொழிந்தது. அங்கே போக்கிடம் இல்லாமல் விலை விழுந்த வண்டிகள் தெற்கே இறங்கின. இங்கே கொண்டுவந்தால் அந்த ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்க வேண்டும், தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ப லைஃப் டேக்ஸ் கட்ட வேண்டும், அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு எழுதி எழுதி அலைய வேண்டும். பாதி விலை முக்கால் விலையாகி, அதன்பின் முழுத் தலைவலியாகும்.

இப்போது விலைக்கு வருவோம். விற்கிறவர் சொல்வார்: "ஏழரை லட்சம் போட்டு எடுத்தது கண்ணு." அவர் ஏழரை போட்டது அவருடைய சரித்திரம். நீ பார்க்க வேண்டியது, அதே வகை வண்டி இன்று புதிதாக என்ன விலை என்பதை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி.யைக் குறைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? வரியில்லாமல் 5 லட்சம் விலையுள்ள ஒரு சின்னப் பெட்ரோல் கார், முன்பு 28 சதவீத வரியும் 1 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 6.45 லட்சமாக இருந்தது. இப்போது 18 சதவீதத்தில் 5.90 லட்சம். புதுசு ஐம்பத்தைந்தாயிரம் இறங்கினால் பழசும் இறங்கத்தான் வேண்டும். விற்கிறவர் பழைய விலையிலேயே உட்கார்ந்திருப்பார். மெதுவாக இறக்கிக் கூட்டிவருவது உன் வேலை.

"இன்சூரன்ஸ் பேப்பர்ல ஐ.டி.வி.ன்னு ஒரு தொகை போட்டிருக்கே, அதானே வண்டியின் மதிப்பு?" என்று கேட்பாய். இல்லை. அது இன்சூரன்ஸ்காரர்களின் தேய்மான அட்டவணை: ஒரு வருடம் முடிவதற்குள் 15 சதவீதம், இரண்டாம் வருடம் 20, மூன்றாம் வருடம் 30, நான்காம் வருடம் 40, ஐந்தாம் வருடம் 50 சதவீதம் என்று கழித்துக்கொண்டே போகும். அதற்கு மேல் வயதானால் கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி வைத்துக்கொள்கிற தொகைதான். பிரீமியம் குறையட்டும் என்று அதைக் குறைத்துப் போட்டிருப்பவர்களும் உண்டு. சந்தைக்கு இந்த அட்டவணை தெரியாது. ஸ்விஃப்டும் இன்னோவாவும் அட்டவணையை மதிக்காமல் விலையைப் பிடித்து வைத்திருக்கும். பெரிய செடான்களும் சொகுசு வண்டிகளும் அட்டவணையைவிட வேகமாக விழும்.

இங்கேதான் உன்னை மாதிரிப் பிள்ளைகள் சறுக்குவார்கள். பத்து வயதான ஜெர்மன் கார், புது வேகன்-ஆர் விலைக்கு நிற்கும். சன்ரூஃப் இருக்கும், தோல் சீட் இருக்கும். கண்ணு, விலை விழுந்தது வண்டிக்கு மட்டும்தான். அதன் உதிரிபாகத்துக்கு விழவில்லை. ஹெட்லைட் ஒன்று உடைந்தால் புது வண்டிக்காரன் கொடுக்கிற விலையைத்தான் நீயும் கொடுக்க வேண்டும். அதே போல, கம்பெனி கடையை மூடிக்கொண்டு போன வண்டிகள். ஷெவர்லே 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் அறிவித்து, மறைமலை நகர் தொழிற்சாலையை 2022-ல் மூடியது. ஃபோர்டு வண்டிகள் மோசமென்று நான் சொல்லமாட்டேன். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் இன்றும் அவற்றை விடமாட்டார்கள். உன் தெருவிலேயே அந்த வண்டி தெரிந்த மெக்கானிக் இருந்து, ஒரு பாகத்துக்குப் பத்து நாள் காத்திருக்கும் பொறுமையும் இருந்தால், அந்த விலைக்கு அது லாபம். உனக்குக் காபி ஆறுவதற்குக் காத்திருக்கிற பொறுமைகூடக் கிடையாது என்பது உன் சித்திக்கும் தெரியும்.

வயதையும் பார். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம், அந்த ஜூலையிலிருந்து டிரைவர் பக்கம் ஏர்பேக்கும் பின்பக்க பார்க்கிங் சென்சாரும் கட்டாயம். அதற்கு முந்தைய சின்னக் கார்களின் பேஸ் மாடல் பலவற்றில் ஏர்பேக்கே கிடையாது. இருபதாயிரம் மிச்சமாகிறதென்று அதை வாங்கினால் உன்னோடு பேசமாட்டேன். நீ பார்த்திருக்கும் வண்டி பரவாயில்லை: 2018 பிப்ரவரியில் வந்த அந்தப் புது ஸ்விஃப்டில் எல்லா வேரியன்ட்டிலும் இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உண்டு. ஆனால் 2018 என்பது ஓடத் தொடங்கிய வருடமா, தயாரித்த வருடமா? ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் வருடமும் தனியாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பேசு.

ஆர்.சி. என்றதும் சொல்கிறேன்: வண்டியைப் பார்க்கப் போகும் முன் பேப்பரைப் பார். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். வண்டி மனசில் உட்கார்ந்த பிறகு பேப்பரில் ஓட்டை தெரிந்தால், அதை அடைக்க நீயே காரணம் தேடுவாய். எம்-பரிவாஹன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் ஓனர் எத்தனையாவது ஆள், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் ஏதும் ஏறியிருக்கிறதா என்று தெரியும். இ-சலான் பாக்கியும் பார்க்கலாம்; வேகமாகப் போனதற்கு வரிசையாக அபராதம் இருந்தால், டாக்டர் அவசர கேஸ்தான் பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்.

"ட்யூ எல்லாம் கட்டியாச்சு, பேங்க்ல லெட்டர் வாங்கியாச்சு" என்பார்கள். லெட்டர் வாங்கினால் போதாது. பேங்க் தரும் படிவம் 35-ஐ ஆர்.டி.ஓ.வில் கொடுத்து, ஆர்.சி.யிலிருந்து ஹெச்.பி. என்கிற கடன் குறிப்பை எடுத்திருக்க வேண்டும். எடுக்காதவரை பேங்க் சம்மதமில்லாமல் உன் பெயருக்கு மாற்ற முடியாது. "அதெல்லாம் சேர்த்துப் பண்ணிக்கலாம்" என்றால், "பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வா.

இன்னொன்று, டி-போர்டு வண்டி. டாக்சியாக ஓடிவிட்டு, ஓன் போர்டாக மாற்றி வெள்ளை பிளேட் போட்டு வரும். மாற்றுவது சட்டப்படி சரிதான், ஆர்.டி.ஓ. செய்து கொடுக்கிறார். ஆனால் டாக்சி விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஆர்.சி. மட்டுமல்ல, வண்டியும் சொல்லும்: கூரையில் கேரியர் மாட்டிய ஓட்டைகள், பம்பரில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த கோடு, டேஷ்போர்டில் மீட்டர் திருகிய தழும்பு, பின் சீட்டில் முன்னதைவிட அதிகமான தேய்மானம். சொந்தக் காரில் பின் சீட் புதுசாகவே இருக்கும். அங்கே யார் உட்காருகிறார்கள்?

பேப்பர் சரி என்றால் வண்டியைப் பார்க்கப் போ. காலையில் போ, நல்ல வெளிச்சத்தில் போ. மாலை ஆறு மணிக்கு மேல் எல்லாப் பெயின்ட்டும் ஒரே நிறம்தான். முன்கூட்டியே போனில் சொல்லிவிடு: "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் முதல் வேலையாக பானட்டின் மேல் கையை வை. சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அந்த இன்ஜின் ஏதோ முனகுகிறது, அதை மறைக்கத்தான் முன்னாலேயே ஓட்டிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள். "இப்பதான் பெட்ரோல் போட்டுட்டு வந்தோம்" என்பார்கள். "சரிங்க, நாளைக்குக் காலையில வரேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லு.

உன் தாத்தா கண்ணபுரம் சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்காமல், விலை பேசத் துண்டுக்குள் கையை விடமாட்டார். காருக்குப் பல் டயரில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 1418 என்றால் 2018-ன் பதினான்காவது வாரம் செய்த டயர். நாலு டயரையும் பார்; டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பார். வண்டி 2018, ஸ்டெப்னி 2018, ஓடும் நாலும் 2021 என்று வந்தால், அந்த டாக்டர் மூன்று, நாலு வருடத்திலேயே கம்பெனி டயரைத் தேய்த்துவிட்டார் என்று பொருள். கம்பெனி டயர் சாதாரணமாக நாற்பதாயிரம் கிலோமீட்டராவது தாங்கும். அப்படியானால் மொத்தமே 38,000 என்று மீட்டர் காட்டுவது எப்படி?

உடனே தீர்ப்பு எழுதிவிடாதே. டயரில் கண்ணாடி குத்தியிருக்கலாம், ஆணி கிழித்திருக்கலாம். இன்னும் இரண்டு சாட்சிகளைக் கூப்பிடு. கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா? ஸ்டீயரிங்கின் மேல் பாதி பளபளக்கிறதா? டிரைவர் சீட்டில் இறங்கும் பக்கத்து ஓரம் அமுங்கியிருக்கிறதா? மீட்டரைத் திருப்புவது இப்போது லேப்டாப் வைத்துக்கொண்டு சில நிமிடத்தில் முடிக்கிற வேலை. பெடலையும் சீட்டையும் அப்படித் திருப்ப முடியாது. எல்லாவற்றுக்கும் மேலான சாட்சி சர்வீஸ் ஹிஸ்டரி. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறை வண்டி போனபோதும் கிலோமீட்டரைப் பதிந்திருப்பார்கள். ஓனரைக் கூட்டிக்கொண்டு போய் அதைப் பிரின்ட் எடுத்து வாங்கு. 2021-ல் 44,000 என்று இருந்து இன்று 38,000 என்றால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்.

அடுத்தது அடிபட்ட வண்டியா என்பது. சிராய்ப்புக்கு டிங்கரிங் பார்த்து, பட்டி போட்டு, பெயின்ட் அடித்ததெல்லாம் குற்றமில்லை. நம் ஊர்த் தெருக்களில் அது இல்லாத வண்டி ஷோரூமில்தான் நிற்கும். நீ தேட வேண்டியது எலும்பு முறிவை. கதவைத் திறந்து, ஓரத்திலிருக்கும் ரப்பர் பீடிங்கைக் கையால் இழுத்தால் கழன்று வரும். அடியில் தகரத்தில் சின்னச் சின்ன வட்டக் குழிகள் ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். அது கம்பெனி வெல்டிங். ஒரு பக்கம் வரிசையாக இருந்து மறுபக்கம் வழுவழுப்பாக இருந்தால் அந்தப் பக்கம் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பானட்டுக்கு உள்ளே ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பார்: கம்பெனியில் தகரத்தோடு சேர்த்துப் பெயின்ட் ஆனவை; ஸ்பானர் பட்டிருந்தால் முனையில் பெயின்ட் பெயர்ந்திருக்கும். கண்ணாடிகளின் மூலையிலும் தயாரிப்புக் குறி உண்டு; ஒன்று மட்டும் வேறு வருடமாக இருந்தால் ஏன் என்று கேள்.

சாவியை ஆன் செய்யும்போது டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிரு. எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிடக் கோளாறு: ஏர்பேக் ஒருமுறை வெடித்து, புதிதாகப் போடாமல், விளக்கை மட்டும் பிடுங்கியிருக்கலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்பது உனக்குத் தோன்றவே தோன்றாது. கொங்கு நாட்டில் கார் மூழ்குமா என்பாய். இங்கே மூழ்காது. மூழ்கிய வண்டி இங்கே வரும். 2015 டிசம்பரில் சென்னை, 2018-ல் கேரளம், 2023 டிசம்பரில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி. இன்சூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று கழித்துவிட்ட வண்டியை ஏலத்தில் எடுத்து, காயவைத்து, வெள்ளத்தைப் பற்றி யோசிக்காத ஊரில் விற்பதுதான் அந்த வியாபாரத்தின் சூட்சுமம். சீட் பெல்ட்டை இழு. பாதியில் விடாதே, உருளை வரை இழு. கடைசி அரை முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும். அதைத் துவைக்க யாருக்கும் தோன்றாது. சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, தண்டவாளத்தில் துருவைப் பார். ஸ்டெப்னி குழியில் விரலைவிட்டுத் துடைத்துப் பார். கார் பர்ஃப்யூம் மூக்கைத் துளைத்தால் சந்தேகப்படு.

இப்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. நீ பின்னால் நின்று சைலன்சரைப் பார். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை காலைக் குளிரில் கொஞ்சம் வரும், போய்விடும். நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல்லு. குபுகுபுவென்று புகை தள்ளினால் அதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள், இன்ஜினுக்கு வயதாகிவிட்டது. மூடியின் அடியில் பால் ஏடு மாதிரி படிந்திருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பு.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டுப் போடுவார்கள். அணைக்கச் சொல்லு, இளையராஜாவை வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். கண்ணாடியை ஏற்றி, மேடுபள்ளமான தெருவில் மெதுவாக விடு. சஸ்பென்ஷன் கடகடவென்றால் அப்போது கேட்கும். நேரான ரோட்டில் ஸ்டீயரிங்கை லேசாக விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா? கிளட்ச் பெடலைக் கிட்டத்தட்ட முழுக்க விட்ட பிறகுதான் வண்டி நகர்கிறதா? அப்படியானால் கிளட்ச் செலவு காத்திருக்கிறது. நாலு பவர் விண்டோவையும் ஏற்றி இறக்கு. ஏ.சி.யைப் போட்டுவிட்டு வண்டி நிற்கும்போதும் குளிர்கிறதா என்று பார்.

"இவ்வளவும் நான் பார்க்கணுமா? ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போனா ஆகாதா?" கட்டாயம் கூட்டிப்போ. ஆனால் விற்கிறவர் சொல்லும் மெக்கானிக்கைக் கூட்டிப்போகாதே. புரோக்கரைத் தெரிந்த மெக்கானிக்கும் வேண்டாம். பேரம் முடிந்தால் கமிஷன் கிடைக்கும் ஆள், குறை சொல்ல மாட்டார். நீ கூட்டிப்போகும் மெக்கானிக்குக்கு அவர் கூலியை முன்னாலேயே கொடுத்துவிடு. வண்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதே கூலி என்று சொல்லு. பிறகு அவர் வாயிலிருந்து வருவது உண்மையாக இருக்கும். உனக்கு இவ்வளவு சொன்னது, அவர் பார்க்கும்போது நீ செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் இருப்பதற்காக.

"ட்ரூ வேல்யூ மாதிரி பழைய கார் விக்கிற கம்பெனியில வாங்கிட்டா?" வாங்கலாம். வாரன்ட்டி தருவார்கள், பேப்பர் வேலையை முடித்துக் கொடுப்பார்கள். அதற்கு விலை கூடுதலாக இருக்கும். அவர்களுடைய லாபத்தின்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அந்த விலைக்குள்தான் இருக்கிறது. ஓனரிடம் நேராக வாங்கினால் அந்த வரி கிடையாது, வாரன்ட்டியும் கிடையாது. அலைய நேரமில்லாதவர்களுக்குக் கம்பெனி நல்லதுதான். அங்கேயும் டயரைக் குனிந்து பார்.

சரி, கூட்டலுக்கு வருவோம். உன் 4.75 லட்சம் வண்டியில், மெக்கானிக் பார்த்துவிட்டு இப்படிச் சொல்கிறார் என்று வை. நாலு டயர் 20,000. கிளட்ச் 12,000. பேட்டரி 5,000. இன்சூரன்ஸ் முடிகிறது, 15,000. ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றி முழு சர்வீஸ் 8,000. பெயர் மாற்றம், அலைச்சல் 3,000. எல்லாம் தோராயம்தான், உன் ஊர் விலையைக் கேட்டுத் திருத்திக்கொள். மொத்தம் 63,000. ஆக வண்டி விலை 5.38 லட்சம். பக்கத்துத் தெருவில் அதே வருட ஸ்விஃப்ட் 5.10 லட்சம் என்று நிற்கிறது. அதிகம் என்று நீ ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதில் போன வருடம் போட்ட டயர், நல்ல கிளட்ச், புது பேட்டரி, பத்து மாத இன்சூரன்ஸ் மிச்சம். சர்வீஸ் 8,000, பெயர் மாற்றம் 3,000, இன்சூரன்ஸை உன் பெயருக்கு மாற்ற ஒரு 3,000. ஆக 5.24 லட்சம். மலிவென்று நீ நினைத்த வண்டி பதினாலாயிரம் விலை கூடியது.

பேரத்திலும் இந்தக் கணக்கையே ஒரு சீட்டில் எழுதி வைத்துப் பேசு. ஆனால் எல்லாவற்றையும் விற்கிறவர் தலையில் கட்டாதே. டயர், கிளட்ச், பேட்டரி மூன்றும் அவர் ஓட்டித் தேய்த்தவை. அந்த 37,000 ரூபாயைக் குறைக்கச் சொல்வது நியாயம். பெயர் மாற்றம் உன் செலவு. அதைக் கேட்டால் உன்னை அற்பம் என்று நினைப்பார். வண்டியைத் திட்டியும் பேசாதே. எட்டு வருடம் வீட்டில் ஒருவராக இருந்த வண்டியை ஒரு சின்னப் பெண் வந்து "டப்பா" என்றால், கொடுக்க இருந்த பத்தாயிரத்தையும் கொடுக்க மாட்டார். சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இரு. டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால், எதற்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், பேப்பர் சரியில்லையென்றால் திரும்பத் தரப்படும் என்று ஒரு வரி எழுதி வாங்கு.

வாங்கியதும் சாமி கும்பிட்டு எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைக்காதே. படிவம் 29, 30 இரண்டிலும் விற்கிறவர் கையெழுத்து வாங்கு. வண்டி கைமாறிய தேதியும் நேரமும் போட்டு டெலிவரி நோட் எழுதிக்கொள்ளுங்கள்; அன்று காலை அவர் நிற்காமல் போன சிக்னல் உன் தலையில் விடியக்கூடாது. சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற மனு கொடுக்க வேண்டும். யார் பெயரில் ஆர்.சி. இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விற்றவருக்கும் இதைச் சொல்லு, அவரே உன்னைவிட அவசரப்படுவார். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உன் பெயருக்கு மாற்றிவிடு. மாற்றாவிட்டால் எதிராளிக்கான பாதுகாப்பு தொடரும், உன் வண்டி அடிபட்டால் ஒரு பைசா வராது. அவர் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடே போய்விடும். அது வண்டிக்குரியதல்ல, ஆளுக்குரியது.

இத்தனையும் படித்துவிட்டு, "சித்தப்பா, இப்படிப் பார்த்தா எந்த வண்டியையும் வாங்க முடியாது" என்பாய். முடியும். குறையே இல்லாத பழைய வண்டி கிடையாது; பேப்பரும் எலும்பும் இன்ஜினும் சுத்தமாக இருந்தால் மற்ற எல்லாக் குறைக்கும் ஒரு ரூபாய்க் கணக்கு உண்டு. அந்தக் கணக்கைப் போட்டுக் கழித்துவிட்டுத் தாராளமாக வாங்கு. முதல் மூன்றில் ஒன்று கெட்டிருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். நாலு வண்டியாவது பார்க்காமல் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே. அடுத்த முறை படம் அனுப்பும்போது டயரின் அந்த நாலு எண்ணும், ஆர்.சி.யும், திறந்த பானட்டும் இருக்கட்டும். வேப்பமரம் வேண்டாம்.

அன்புடன்,
சித்தப்பா

பி.கு.: வண்டி நம்பரின் கூட்டுத்தொகை 8 வருகிறது, அதனால் யோசனையாக இருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தாய். உன் அம்மா சொல்லியிருப்பார். நம் பக்கத்தில் கூட்டினால் 8 வரும் வண்டியை வாங்கப் பலர் தயங்குவார்கள். விற்கிறவருக்கும் அது நன்றாகத் தெரியும். உனக்கு நம்பிக்கை உண்டென்றால் வேறு வண்டி பார், அதில் தப்பில்லை. நம்பிக்கை இல்லையென்றால் முகத்தில் காட்டிக்கொள்ளாதே. நீயும் கொஞ்சம் தயங்கி நின்று, அதற்கொரு பத்தாயிரம் குறைக்கச் சொல்லு. நாளைக்கு நீ விற்கும்போது வாங்க வருகிறவரும் உன்னிடம் அதையேதான் கேட்பார்.